பதினான்கு மணித்தியாலத் தூரத்து உறவு

கல்முனைக் கரையில் ஒருவருக்கு அவருடைய பிள்ளை எவ்வளவு சொந்தம் என்பதை இப்போது கிலோமீற்றரில் அளக்கிறார்கள்.

அளப்பதற்கென்று ஒரு பணிமனை இருக்கிறது. பிரதான வீதியில், கீழே தளபாடக் கடையும் மேலே ரியூசன் வகுப்பும் உள்ள கட்டடத்தின் நடுமாடியில். பெயர்ப்பலகை மூன்று மொழிகளில். தமிழில் ‘உறவுத் தொலைவு நிர்ணயப் பணிமனை, கரையோரப் பிராந்தியம்’ என்று எழுதியிருக்கிறது. மற்ற இரண்டு மொழிகளிலும் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. அந்த வேறு ஏதோவில்தான் எல்லாம் தொடங்கியது.

நாட்டில் ஒருவர் இறந்தால் அந்தச் செய்தியை முதலில் யாருக்குத் தெரிவிப்பது என்பதில் ஒழுங்கில்லை என்று கொழும்பில் ஒரு குழு கண்டுபிடித்தது. ஆகவே ஒவ்வொருவரும் நெருங்கிய உறவினர் ஒருவரின் பெயரை ‘முதல் அறிவித்தலுக்கு’ப் பதிய வேண்டும், தூரத்து உறவினரைப் பதிய முடியாது என்று ஒரு சுற்றுநிருபம் வெளியானது. மூலத்தில் அது மூன்று வரி. தமிழாக்கியவர், நேரமில்லாததாலோ என்னவோ, நெருங்கிய உறவினரை ‘அண்மையில் உள்ள உறவினர்’ என்றும் தூரத்து உறவினரைத் ‘தொலைவில் உள்ள உறவினர்’ என்றும் எழுதிவிட்டார். தொலைவு என்றால் எவ்வளவு தொலைவு என்று எங்கள் கரையோரத்திலிருந்து கடமையுணர்ச்சியுள்ள ஓர் அதிகாரி விளக்கம் கேட்டார். பதில் வரவில்லை. எனவே அவரே ஓர் அட்டவணை தயாரித்தார்.

இதன்படி ஆயிரம் கிலோமீற்றருக்குள் இருக்கும் பிள்ளை, பிள்ளைதான். ஆயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில் இருந்தால் ‘இடைநிலை உறவினர்’. அதற்கு அப்பால் ‘தொலை உறவினர்’; இவர் ‘அறிமுகமானவர்’ என்ற தரத்துக்குச் சமமாகக் கொள்ளப்படுவார். நாட்டின் ஏனைய பாகங்களில் சித்தப்பாவின் சம்பந்தியின் மருமகன் தூரத்து உறவு. தமிழில் நிர்வாகம் நடக்கும் எங்கள் பக்கத்தில் மட்டும் பெற்ற மகள்.

சாய்ந்தமருது ஆதம்பாவாவுக்கு ஒரே மகள். பெயர் நிப்லா. கணவன், பிள்ளையோடு நியூசிலாந்தில் ஓக்லாந்து நகரத்தில் இருக்கிறாள். ஆதம்பாவா சந்தைக்குப் பக்கத்தில் நெடுங்காலம் பாத்திரக் கடை வைத்திருந்தவர். மனைவி றாஹிலா இறந்த பிறகு கடையைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். பணிமனை திறந்த செய்தி கேட்டு ஊரில் பலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முதல் அறிவித்தல் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. றாஹிலா மௌத்தான காலையில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆதம்பாவா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்கு இதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஊரின் ஜனாஸா அறிவித்தல் பக்கம் மரணச் செய்தியைப் பேஸ்புக்கில் போட்டுவிட்டது. ஆதம்பாவா அவர்களின் அன்பு மனைவியும் நிப்லாவின் பாசமிகு தாயாருமான, என்று போகும் வழக்கமான வாசகம். ஓக்லாந்தில் பால் வாங்க வரிசையில் நின்ற நிப்லா, தன்னுடைய பெயரை அதில் வாசித்துத்தான் உம்மா போய்விட்டதை அறிந்தாள். அடக்கத்தை வீடியோவில் பார்த்தாள். பிறகு அழைத்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எனக்கு முதல்ல சொல்லிரிக்கலாமே வாப்பா.”

ஆதம்பாவா வாக்குக் கொடுத்தார். தன்னுடைய முறை வரும்போது முதலில் அவளுக்குத்தான் சொல்லப்படும். இறந்தவர் அதை எப்படி உறுதிசெய்வார் என்பதை அப்போது இருவருமே யோசிக்கவில்லை. இப்போது அரசாங்கமே அதற்கு ஒரு வழி செய்திருப்பதாக அவர் எண்ணினார்.

பணிமனையில் வரிசை படியிறங்கி வீதி வரை நின்றது. அவருக்கு முன்னால் நின்றவர் ஹிமாயா என்ற இளம் பெண். கணவன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். அவளுடைய முறை வந்ததும் மேசையில் இருந்த உத்தியோகத்தர் கணனியைப் பார்த்து, கணவர் இடைநிலை உறவினர் என்றும் அது மச்சான் முறைக்குச் சமம் என்றும் தெரிவித்தார். ஹிமாயா முறைப்பாடு எதுவும் செய்யவில்லை.

“நான் எப்பயும் அவர மச்சான் எண்டுதானே கூப்புடுற,” என்றாள். “சரியாத்தான் எழுதிரிக்கி.”

ஆதம்பாவா முன்னால் போய் மகளின் பெயரையும் ஊரையும் சொன்னார். உத்தியோகத்தர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். இணையத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும் இடையிலுள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்கிற பக்கம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். அட்டவணையின்படி, வீட்டுக்குக் கிட்டிய விமான நிலையத்திலிருந்துதான் அளக்க வேண்டும். எனவே மட்டக்களப்பு என்று அடித்தார். பிறகு ஓக்லாந்து.

“பத்தாயிரத்து எண்ணூறு கிலோமீற்றர். பயண நேரம் பதினாலு மணித்தியாலம்.”

ஆதம்பாவா உண்மையாகவே மகிழ்ந்துபோனார். போன தடவை நிப்லா வந்தபோது இரண்டு இடங்களில் விமானம் மாறி, மாறிய இடங்களில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்து, கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகும் ஒரு பகல் முழுவதும் பஸ்ஸில் இருந்து வீடு வந்து சேர இரண்டு நாட்கள் பிடித்தன.

“மட்டக்களப்பில இரிந்து இப்ப ஓக்லாந்துக்குப் பிளேன் போகுதா தம்பி?”

“இல்ல.”

“அப்ப பதினாலு மணித்தியாலம்?”

“போனா பதினாலு மணித்தியாலம்.”

“போறல்லயே.”

“போறதும் போகாததும் விமானத்துறைட வேலை. நாங்க தூரம் மட்டுந்தான் பாக்கிற,” என்று சொல்லி அவர் ஒரு முத்திரையைக் குத்தினார். நிப்லா தொலை உறவினர் ஆனாள். முதல் அறிவித்தலுக்குத் தகுதியில்லை. ஏனைய அறிமுகமானவர்களுடன் சேர்த்து, மரணம் நிகழ்ந்து ஏழு வேலை நாட்களுக்குள் சாதாரண தபாலில் தெரிவிக்கப்படும்.

ஆதம்பாவா உதவிப் பணிப்பாளரைச் சந்திக்க வேண்டும் என்றார். உதவிப் பணிப்பாளர் செபரட்ணம்தான் அந்த அட்டவணையைத் தயாரித்தவர். மெலிந்த, நல்ல உடுப்பு உடுத்த, குரலை உயர்த்தாத மனிதர். அவருடைய அறையில் சுவர் அளவு உலகப்படம் ஒன்று தொங்கியது. கல்முனையில் குண்டூசி குத்தி அதில் நூல் கட்டி, அந்த நூலால் மூன்று வட்டங்கள் வரைந்திருந்தார். ஆதம்பாவாவை இருக்கச் சொன்னார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

மொழிபெயர்ப்பில் பிழை இருக்கலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சுட்டிக்காட்டுவது ஆபத்து என்றார். “முப்பது நாப்பது வருசமாத் தமிழில நிர்வாகம் வேணுமெண்டு கேட்டது நாங்கள். இப்ப தமிழில தந்திருக்கிறாங்கள். தந்ததைப் பிழையெண்டு திருப்பி அனுப்பினா, அடுத்த தரம் தமிழில தரவே மாட்டாங்கள். பிழையான தமிழ் எண்டாலும் எங்கட உரிமை. அதை நடைமுறைப்படுத்த வேண்டியது என்ர கடமை.”

சட்டம் தனக்கும் ஒன்றுதான் என்று மேலும் விளக்கினார். அவருடைய மகன்மார் இருவர் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அட்டவணை நடைமுறைக்கு வந்த முதல் நாளே தன் கையாலேயே இருவரையும் அறிமுகமானவர்கள் என்று பதிந்தாராம். மூத்தவனுக்கு அதில் கோபம், நத்தார் பண்டிகைக்கும் அழைக்கவில்லை.

“அது பரவாயில்லை,” என்றார் செபரட்ணம். “அறிமுகமானவர்களின்ர கோபத்தை நான் பெரிசாக எடுக்கிறதில்லை.”

பிறகு ஆதம்பாவா, தூரத்தைக் குறைக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். செபரட்ணம் எழுந்து உலகப்படத்தின் அருகில் போனார். மகள் தோஹாவுக்கு இடம்மாறினால் இடைநிலை ஆகலாம். மாலைதீவு என்றால் முழு மகள். இரண்டு இடங்களிலும் மருமகனுடைய தொழிலுக்கு வாய்ப்பிருக்கிறதா என்று அன்போடு விசாரித்தார். வேறு வழி இருந்தால் கட்டாயம் தெரிவிப்பதாகச் சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். இதுவரை எந்த அலுவலகத்திலும் யாரும் தன்னை வாசல்வரை வந்து அனுப்பியதில்லை என்பதை ஆதம்பாவா படியிறங்கும்போது நினைத்துப் பார்த்தார்.

வேறு வழி ஒன்றும் வரவில்லை. வேறு ஒரு பிரச்சினை வந்தது. எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு. கட்டிக்கொடுக்கும்போது வீட்டையும் எழுதிக்கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அந்த வீட்டிலேயே ஓர் அறையில் இருந்துகொள்வது வழக்கம். ஆதம்பாவாவும் அப்படித்தான் நிப்லாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். இதைப் பணிமனை கவனித்தது. அவர் தானே கட்டிய வீட்டில், ‘அறிமுகமானவர் ஒருவரின் வீட்டில் தங்கியிருப்பவர்’ என்று வகைப்படுத்தப்பட்டார். தங்கியிருப்பதன் நோக்கம் என்ன, எப்போது திரும்பிச் செல்வார் என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். ஆதம்பாவா நெடுநேரம் யோசித்தார். எங்கே திரும்பிச் செல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், அல்லாஹ் கூப்பிடும்போது போவேன் என்றார். அதிகாரி ‘திகதி நிச்சயிக்கப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் பணிமனை அவருக்கு ஒரு மகளை நியமித்தது.

அண்மையில் உறவினர் இல்லாதவர்கள் பிராந்தியத்தில் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சில வீதிகளில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார். மறுபுறம், பணிமனையில் மேசைகளைவிட அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அதிகமாக இருந்தார்கள். செபரட்ணம் இரண்டையும் இணைத்தார். அதிபர் இல்லாத பாடசாலைக்குப் பதில் கடமை அதிபர் இருக்கும்போது, பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பதில் கடமைப் பிள்ளை ஏன் இருக்கக்கூடாது என்பது அவருடைய வாதம். அதில் யாராலும் பிழை காண முடியவில்லை.

ஆதம்பாவாவுக்கு வந்தவள் சுஜித்தா. திருக்கோவில் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண், பட்டதாரி. அவளுக்கு ஒன்பது வீடுகள். எட்டு வீடுகளில் அவள் பதில் கடமை மகள். மருதமுனையில் ஒருவருக்குப் பதில் கடமைத் தம்பி. அந்தப் பதவிக்கு ஆண் உத்தியோகத்தர் கிடைக்கவில்லை. மாதம் இரண்டு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் இருபது நிமிடம் உறவினராக இருக்க வேண்டும். அந்தந்தச் சமூகத்தின் முறைப்பெயரைப் பாவிக்க வேண்டும். வீட்டில் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது. அது கையூட்டாகக் கருதப்படும்.

முதல் நாள் அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த அட்டையைப் பார்த்து, “வாப்பா, நீங்க சுகமா இருக்கிறீங்களா?” என்று வாசித்தாள். முன்பு ‘வாப்பா’ என்ற சொல்லை அவள் சொல்லியிருக்கவில்லை என்பது தெரிந்தது. ஆதம்பாவா, சுகம் என்றார். அவள் அட்டையில் அடையாளமிட்டாள். அவர் இரண்டு தேநீர் ஊற்றி வந்து, விதி நினைவூட்டப்பட்டதும் இரண்டையும் தானே குடித்தார்.

மூன்றாவது நான்காவது தடவையில் அட்டை பைக்குள்ளேயே இருந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழும்பும்போது கையை ஊன்றுவதைப் பார்த்து முழங்கால் நோவா என்று கேட்டாள். எப்போதிருந்து, எண்ணெய் பூசுகிறீர்களா, படியேற முடிகிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார். யாரும் கேட்டு நாளாகியிருந்ததால் பதில்கள் கொஞ்சம் நீளமாக இருந்தன.

பிறகு அவர் அவளுடைய தகப்பனைப் பற்றி விசாரித்தார்.

“இருக்கிறார். திருக்கோவிலிலதான்.” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. “என்னோட கதைக்கிறல்ல. நான் கலியாணம் முடிச்ச ஆள அவருக்குப் பிடிக்கல்ல.”

“இஞ்ச இரிந்து எவ்வளவு தூரம்?”

“நாப்பது கிலோமீற்றர் வராது.”

“அப்ப நெருங்கின உறவுதான்,” என்றார் ஆதம்பாவா. இருவரும் சிரிக்கவில்லை. மிச்ச நிமிடங்களை முற்றத்தைப் பார்த்தபடி கழித்தார்கள். விதியின்படி அதுவும் கடமை நேரமே.

அந்த வெள்ளிக்கிழமை நிப்லாவிடம் இதை எல்லாம் ஒரு பகிடி போலச் சொல்ல அவர் முயன்றார். அரசாங்கம் உனக்கு ஒரு தங்கச்சி தந்திருக்கிறது என்றார். நிப்லா நிறையச் சிரித்தாள். மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, அந்தப் பிள்ளை வந்து என்னத்தைக் கதைக்கிறா என்று கேட்டாள்.

“என்னத்தக் கதைக்கிற. முழங்கால் நோவப் பத்திக் கேட்டா.”

நிப்லாவின் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

“ஒங்களுக்கு முழங்கால் நோவா வாப்பா?”

தொலைபேசியில் எப்போதும் முகம் மட்டும்தான் தெரியும். முழங்கால் தெரியாது. ஆதம்பாவா, இங்கே மழை பெய்கிறது என்றார்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கரையில் ஒத்திகைகளுக்குக் குறைவில்லை. கோபுரத்தில் சங்கு ஊதும், நாங்கள் பிள்ளைகளையும் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடுவோம், யாரோ நேரம் குறித்துக்கொள்வார்கள், திரும்பி வருவோம். செபரட்ணம் இதையும் கவனித்திருந்தார். முதல் அறிவித்தல் முறை உண்மையில் வேலை செய்கிறதா என்பதை ஒருவர் சாகும்வரை காத்திருந்து பார்ப்பது பொறுப்பான நிர்வாகம் ஆகாது என்று மேலிடத்துக்கு எழுதினார். அனுமதி கிடைத்தது. மௌத்து முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருவதில்லை. ஆகவே ஒத்திகையும் முன்னறிவித்தல் இன்றியே நடக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பணிமனை வாகனம் ஆதம்பாவாவின் வாசலில் நின்றது. செபரட்ணம், சுஜித்தா, எழுதுவினைஞர் ஒருவர். ஆதம்பாவா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். செபரட்ணம் அவருக்கு ஸலாம் சொல்லி, பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவர் மரணித்திருப்பதாக மரியாதையோடு அறிவித்தார். சட்டையில் குத்த ஓர் அட்டை கொடுத்தார்: ‘மரணித்தவர் (ஒத்திகை)’. படுத்திருக்கத் தேவையில்லை, முன்னறையில் சாய்கதிரையில் இருக்கலாம், ஆனால் கதைக்கக்கூடாது. விதியின்படி தொலைபேசி உட்பட அவருடைய உடைமைகள் பதில் கடமை மகளின் பொறுப்பில் இருக்கும்.

ஆதம்பாவா கேட்டது ஒன்றுதான். நிப்லாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மரணிக்கலாமா?

“முடியாது. முன்கூட்டியே தெரிஞ்சிருக்கிற தொலை உறவினர் ஒத்திகையின்ர உண்மைத்தன்மையைக் கெடுத்துப்போடுவார்,” என்றார் செபரட்ணம். “அதோட, நீங்கள் இப்ப கதைக்கிறதே ஒழுங்கு மீறல்.”

பத்து மணி ஒரு நிமிடத்துக்கு எழுதுவினைஞர், இரண்டடி தள்ளி நின்ற சுஜித்தாவைக் கைத்தொலைபேசியில் அழைத்து, உங்கள் வாப்பா மரணித்துவிட்டார் என்று அறிவித்தார். சுஜித்தா அட்டையில் உள்ளபடி, கவலையுடன் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். முதல் அறிவித்தல் பதினொரு செக்கனில் முடிந்தது. செபரட்ணம் இதை இரண்டு தடவை சொல்லி எழுதச் செய்தார்.

அடுத்தது பொது அறிவித்தல். பள்ளிவாசலில் கேட்டபோது, உயிரோடு இருக்கிற ஆளுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனவே எழுதுவினைஞர் முற்றத்தில் நின்றபடி ஊர் வட்ஸ்அப் குழுக்களுக்குச் செய்தியை அனுப்பினார். ஒத்திகை என்ற சொல்லை அவர் போடவில்லை. போட்டால் யாரும் பரபரப்படைய மாட்டார்கள் என்பது சரியான காரணமே. சில நிமிடங்களில் ஜனாஸா அறிவித்தல் பக்கம் அதை எடுத்துக்கொண்டது. காலஞ்சென்ற றாஹிலாவின் அன்புக் கணவரும் நிப்லாவின் பாசமிகு தந்தையுமான.

ஓக்லாந்தில் அப்போது மாலை. வேலை முடிந்து ஆட்கள் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் நேரம்.

மேசையில் இருந்த தொலைபேசி ஒலித்தது. திரையில் நிப்லாவின் படம் வந்தது. செபரட்ணம் நேரத்தைப் பார்த்தார். தொலை உறவினர் ஏழு வேலை நாட்களுக்கு முன்பே அறிந்திருப்பது பணிமனையின் வேகத்தைக் காட்டுகிறதா, ஒழுங்கீனத்தைக் காட்டுகிறதா என்பதைத் தீர்மானிக்க அவருக்குச் சற்று அவகாசம் வேண்டியிருந்தது. சுஜித்தா அழைப்பை ஏற்று, ‘மகள் கதைக்கிறன், நீங்கள் மரணித்தவருக்கு என்ன முறை?’ என்று கேட்க வேண்டும். அட்டையில் அப்படித்தான் இருந்தது. அவள் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். ஆனால் ஏற்கவில்லை. அது ஒலித்து நின்றது. மறுபடி ஒலித்தது.

ஆதம்பாவா சாய்கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்காவிட்டால் அவள் வருவாள் என்று அவருக்குத் தோன்றியது. மையத்து இருக்காது, அடக்கியிருப்பார்கள் என்று தெரிந்துகொண்டே வருவாள். பதினான்கு மணித்தியாலத்தில் அல்ல, இரண்டு நாளில். கேற்றைத் திறந்துகொண்டு வந்து அவர் முற்றத்தில் நிற்பதைக் காண்பாள். விழுந்து அழுவாள். பிறகு ஏசுவாள். நன்றாக ஏசுவாள். ஏசி முடித்த பிறகு பசி வரும்; சோறு தின்பாள். இந்த மேசையில்.

மூன்றாவது அழைப்பு நிற்கும்வரை அவர் மரணித்தே இருந்தார்.

நான்காவது ஒலித்தபோது கையை நீட்டினார். மரணித்தவர் பதிலளிக்க முடியாது என்று செபரட்ணம் அமைதியாகச் சொன்னார்.

“சேர், மரணித்தவர்ர உடைமைய மகள் தனக்கு விருப்பமான ஆளுக்குக் குடுக்கலாம்,” என்றாள் சுஜித்தா. “நீங்க எழுதின விதிதான்.” தொலைபேசியை ஆதம்பாவாவின் கையில் வைத்தாள். செபரட்ணம் விதியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அது அப்படித்தான் இருந்தது.

“மகள்,” என்றார் ஆதம்பாவா.

அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சல். பிறகு அழுகை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்காக அழும் அழுகையை இருந்து கேட்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை. இடைமறிக்க வேண்டும் என்று தெரிந்தும் கொஞ்சம் தாமதித்தார்.

“நான் மௌத்தாகல்லகா. ஒத்திகை. ஆபிசால வந்திரிக்காங்க.”

“பேஸ்புக்கில போட்டிரிக்கி.”

“ஓம்.”

“இந்தத் தரமும் நான் அதிலதான் பாத்த வாப்பா.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பஸ் எங்கோ நின்று புறப்பட்டது.

“டிக்கட் போட்டுட்டன்,” என்றாள். “நாளைக்குக் காலம்பற பிளேன். பஸ்ஸில இரிந்துதான் போட்டன்.” மறுபடி மூக்கை உறிஞ்சினாள். “அப்ப கென்சல் பண்ணட்டா?”

அவள் கேட்ட விதத்தில், வேண்டாம் என்று சொல்ல ஒரு சிறிய இடம் விட்டிருந்தாள். ஆதம்பாவாவுக்கு அது விளங்கியது. அறையில் மூன்று அரசாங்க உத்தியோகத்தர்கள் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பண்ணு மகள்,” என்றார். “புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இரிக்கும். எனக்கென்ன, நான் நல்லாத்தான் இரிக்கன்.”

பன்னிரண்டு மணிக்குச் செபரட்ணம் ஒத்திகையை முடித்துவைத்துச் சிறியதோர் உரை நிகழ்த்தினார். கேட்க மூவர் இருந்தோம் என்று எழுதுவினைஞர் பிறகு என்னிடம் சொன்னார்; மூன்றாமவர் மரணித்தவர். பணிமனையின் பக்கத்தில் எல்லாம் சரியாக நடந்தது. மரணித்தவரின் ஒத்துழைப்பு மட்டும் போதாது. அடுத்த காலாண்டில் மீண்டும் செய்து பார்க்கலாம் என்றார். பிறகு ஆதம்பாவா உயிருடன் இருப்பதாக முறைப்படி அறிவித்து அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

“நான் உசிரோட இரிக்கிறத ஆருக்குச் சேர் அறிவிக்கிற?” என்று ஆதம்பாவா கேட்டார். “ஊரெல்லாம் செய்தி போயிரிக்கி.”

நல்ல கேள்வி என்று செபரட்ணம் ஒப்புக்கொண்டார். சுற்றுநிருபத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். ஒருவர் இறந்தால் யாருக்கு அறிவிப்பது என்றுதான் அதில் இருந்தது. உயிரோடிருப்பதை அறிவிக்க ஏற்பாடு எதுவும் இல்லை. கொழும்பிடம் விளக்கம் கேட்பதாகச் சொன்னார். சுஜித்தாவுக்கு இரண்டு மணிக்கு மருதமுனையில் இன்னொரு மரணம் இருந்தது. அங்கே அவள் தம்பி. வாகனம் புறப்பட்டது.

எனவே அறிவிக்கும் வேலையை ஆதம்பாவாவே செய்தார். ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். தொப்பியோடும் வெள்ளைச் சாரத்தோடும் மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். நெடுநாள் காணாத ஆட்கள், கடைக்கு வந்து போனவர்கள், நிந்தவூரில் இருந்து றாஹிலாவின் சாச்சி மகன், ஒரு காலத்தில் கோபித்துக்கொண்டு போன கூட்டாளி. அவர் கேற்றடியில் நின்று ஒவ்வொருவரிடமும், நான் மௌத்தாகல்ல என்று சொன்னார். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிலர் கட்டியணைத்தார்கள். உள்ளே வந்து இருந்துவிட்டுப் போங்களேன் என்று அவர் சொன்னார். அவர் உயிரோடு இருந்ததால் அவர்களுக்கு வேறு வேலைகள் இருந்தன. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக ஒரு சிறிய லொறி வந்தது. வாடகை நாற்காலிகள், யாரோ பக்கத்து வீட்டார் சொல்லிவிட்டிருக்கிறார்கள். ஓட்டுநருக்கு ஆதம்பாவாவைத் தெரியாது.

“மையத்து வீடு இதானே? இறக்கவா?”

ஆதம்பாவா லொறியைப் பார்த்தார். வீதியை இரு பக்கமும் பார்த்தார்.

“இறக்குங்க தம்பி,” என்றார்.

ஓட்டுநர் வழக்கம்போல முற்றத்தில் வரிசை வரிசையாக அடுக்கிவிட்டு, பின்னேரம் வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனார். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஆதம்பாவா அந்த நாற்காலிகளுக்கு நடுவில் இருந்தார். இடையில் இரண்டு தடவை எழும்பி வேறு நாற்காலிக்கு மாறினார்.